ஆன்டிமனி படிந்த மண்ணில் மாங்கனீசும் நுண்ணுயிரும்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

மண்ணை நஞ்சாக்கும் தனிமங்களைச் சொல்லுங்கள் என்று கேட்டால் ஈயம், பாதரசம், காட்மியம், ஆர்சனிக் என்று எல்லோரும் சொல்வார்கள். ஆன்டிமனியை யாரும் சொல்வதில்லை. ஆனால் அது நம் அன்றாட வாழ்வில் எங்கும் இருக்கிறது. கார் பேட்டரியின் ஈயத் தகட்டை வலுவாக்குவதற்கும், துப்பாக்கிக் குண்டின் ஈயத்தைக் கடினமாக்குவதற்கும் அதைச் சேர்க்கிறார்கள். தண்ணீர் பாட்டில் செய்யும் பிளாஸ்டிக்கைத் தயாரிக்க அதன் சேர்மம் வினையூக்கியாகப் பயன்படுகிறது. திரைச்சீலையும் மின்கருவி உறையும் எளிதில் தீப்பற்றாமல் இருக்க ஆன்டிமனி ஆக்சைடு கலக்கிறார்கள். பிரேக் பட்டையிலும் அது உண்டு. இப்போது சூரிய மின்தகட்டுக் கண்ணாடியைத் தெளிவாக்கவும் சோடியம் ஆன்டிமனேட் பெருமளவில் தேவைப்படுகிறது. சீனா 2024இல் ஆன்டிமனி ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்ததும் விலை ஏறியது. பல நாடுகள் மூடிக்கிடந்த சுரங்கங்களைத் திறக்கும் முயற்சியில் இறங்கின. ஆகவே இது பழைய சுரங்கங்களின் கதை மட்டுமல்ல. இனி தோண்டப்போகும் இடங்களைப் பற்றியும்தான் பேசுகிறேன்.

உலகின் மிகப் பெரிய ஆன்டிமனிச் சுரங்கப் பகுதி சீனாவின் ஹூனான் மாகாணத்திலுள்ள ஷிகுவாங்ஷான். நூறாண்டுகளுக்கும் மேலாக அங்கே ஸ்டிப்னைட் என்ற சல்பைடுத் தாதுவை வெட்டி, உருக்கி, கசடைக் குன்றாகக் குவித்துவந்திருக்கிறார்கள். புவியோட்டில் ஆன்டிமனியின் சராசரி அளவு கிலோவுக்கு ஏறத்தாழ 0.2 மில்லிகிராம்தான். ஷிகுவாங்ஷான் சுரங்கத்தையும் உருக்காலையையும் ஒட்டிய மண்ணில் நூறு மில்லிகிராமிலிருந்து சில ஆயிரம் மில்லிகிராம் வரை அளந்திருக்கிறார்கள். குடிநீரில் லிட்டருக்கு 20 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவு. அமெரிக்காவின் வரம்பு 6 மைக்ரோகிராம். ஷிகுவாங்ஷானின் சுரங்க நீரிலோ அது மில்லிகிராம் கணக்கில் வருகிறது. அந்த ஓடைகள் சீ ஆற்றில் கலக்கின்றன. அந்த ஆறு டோங்டிங் ஏரிக்குப் போகிறது. வழிநெடுக நெல் வயல்கள்.

இங்கே ஒரு கேள்வி எழுகிறது. கிலோவுக்கு ஆயிரம் மில்லிகிராம் ஆன்டிமனி உள்ள ஒரு மண், சில நூறு மில்லிகிராம் உள்ள இன்னொரு மண்ணைவிடக் கட்டாயம் ஆபத்தானதா? ஆய்வகம் தரும் அறிக்கையில் ஒரே ஓர் எண் இருக்கும். அந்த எண்ணை வைத்துத்தான் அதிகாரிகள் முடிவெடுக்கிறார்கள். அந்த எண் போதாது என்பதே இன்று நான் சொல்ல வந்தது. ஆன்டிமனி எந்த நிலையில் இருக்கிறது, எந்தக் கனிமம் அதைப் பிடித்துவைத்திருக்கிறது, அந்தக் கனிமத்தை எந்த நுண்ணுயிர் கட்டுகிறது, எது கரைக்கிறது என்ற விவரங்கள் இல்லாமல் மொத்த அளவை மட்டும் பார்ப்பது பாதி அறிவுதான். இந்த விவரங்களில் மிக அதிகமாகப் புறக்கணிக்கப்படுவது மாங்கனீசு.

முதலில் நிலை. மண்ணிலும் நீரிலும் ஆன்டிமனி பெரும்பாலும் இரண்டு ஆக்சிஜனேற்ற நிலைகளில் இருக்கும். ஒன்றை மூன்றாம் நிலை என்றும் மற்றதை ஐந்தாம் நிலை என்றும் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டில் மூன்றாம் நிலைக்குத்தான் நச்சுத்தன்மை அதிகம். இதை மண் அறிவியலாளர்கள் அறிவதற்கு முன்பே மருத்துவர்கள் அறிந்திருந்தார்கள். ஒட்டுண்ணியால் வரும் காலா அசார் நோய்க்கு மூன்றாம் நிலை ஆன்டிமனி கொண்ட உப்பை ஊசியாகப் போட்ட காலத்தில், மருந்தே நோயாளியை வாட்டியது. 1920களின் தொடக்கத்தில் கொல்கத்தாவில் உபேந்திரநாத் பிரம்மச்சாரி, ஐந்தாம் நிலை ஆன்டிமனியைக் கொண்ட யூரியா ஸ்டிபமைனை உருவாக்கினார். அது உடல் தாங்கக்கூடிய மருந்தாக இருந்தது. எண்ணற்ற உயிர்களைக் காத்தது. உடலுக்குள் போனபின் அந்த ஐந்தாம் நிலை மூன்றாம் நிலையாக மாறித்தான் ஒட்டுண்ணியைத் தாக்குகிறது என்பது பிற்கால ஆய்வுகள் சொல்வது. ஒரே தனிமம், எலக்ட்ரான் கணக்கில் இரண்டு வித்தியாசம். விளைவில் இவ்வளவு வேறுபாடு. மண்ணிலும் இதே மாற்றம் இரு திசையிலும் நடந்துகொண்டேயிருக்கிறது.

காற்றுப்பட்டாலே மூன்றாம் நிலை ஐந்தாம் நிலையாகிவிடாதா என்று கேட்பீர்கள். ஆய்வகத்தில் இதைப் பொறுமையாகச் சோதித்திருக்கிறார்கள். கார அமிலக் குறியீடு 3.6 முதல் 9.8 வரை உள்ள கரைசல்களில் மூன்றாம் நிலை ஆன்டிமனியை ஆக்சிஜனோடு 200 நாட்கள் வைத்தும் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் நடக்கவில்லை. ஆனால் காற்றோட்டமுள்ள மாசுபட்ட மண்ணை எடுத்துப் பார்த்தால் பெரும்பகுதி ஐந்தாம் நிலையில்தான் இருக்கிறது. ஆக்சிஜன் நேரடியாகச் செய்யாத வேலையை வேறு யாரோ செய்கிறார்கள். அந்த வேலையைச் செய்வோரில் முதன்மையானது மாங்கனீசு ஆக்சைடு.

செம்மண்ணைப் பார்த்தவுடன் இரும்பு நம் கண்ணில் படுகிறது. மாங்கனீசு அப்படி அல்ல. மண் கட்டியை உடைத்தால் உள்ளே கரும்புள்ளிகளாக, கல்லின் மேல் மெல்லிய கரிய படலமாக, கடுகு அளவிலான உருண்டைகளாக அது இருக்கும். சந்தேகம் வந்தால் ஒரு சொட்டு ஹைட்ரஜன் பெராக்சைடு விடுங்கள். மாங்கனீசு ஆக்சைடு இருந்தால் அந்த இடம் நுரைத்துப் பொங்கும். புவியோட்டில் இரும்பு ஏறத்தாழ 5 விழுக்காடு, மாங்கனீசு 0.1 விழுக்காடு. அளவில் இவ்வளவு குறைவு என்பதால்தான் பலர் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆனால் எலக்ட்ரானைப் பறிக்கும் வலிமையில் இரும்பைவிட மாங்கனீசு ஆக்சைடு கூடுதல். மண்ணில் அதிகம் காணப்படும் மாங்கனீசுக் கனிமம் பர்னசைட். 1956இல் ஸ்காட்லாந்தின் பர்னஸ் என்ற இடத்திலிருந்து முதலில் விவரிக்கப்பட்டது. ஏடு ஏடாக அடுக்கிய அமைப்பு. ஏடுகளில் ஆங்காங்கே மாங்கனீசு அணு இருக்க வேண்டிய இடம் காலியாக இருக்கும். வினைகள் நடப்பது அந்தக் காலியிடங்களிலும் ஏட்டின் விளிம்புகளிலும்தான்.

1990இல் தனபாலசிங்கம், பிக்கரிங் என்ற இரு ஆய்வாளர்கள் மாங்கனீசு, அலுமினியம், இரும்பு ஆகியவற்றின் நீரேறிய ஆக்சைடுகள் மூன்றாம் நிலை ஆன்டிமனியை எவ்வளவு கவர்கின்றன என்று ஒப்பிட்டார்கள். மாங்கனீசே முன்னால் நின்றது. 2001இல் பெல்சீலும் அவருடன் பணியாற்றியவர்களும் இன்னொரு படி போனார்கள்: இரும்பு, மாங்கனீசு ஆக்சைடுகள் ஆன்டிமனியைக் கவர்வதோடு நிற்காமல் அதை ஐந்தாம் நிலைக்கு மாற்றவும் செய்கின்றன என்று காட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் விஷயம் நுட்பமாகிறது. சற்று நிதானமாகப் பார்ப்போம். மூன்றாம் நிலை ஆன்டிமனி நீரில் மின்னூட்டம் இல்லாத மூலக்கூறாக இருக்கிறது. பர்னசைட்டின் மேற்பரப்பு சாதாரண மண்ணின் அமிலத்தன்மையில் எதிர்மின்னூட்டம் கொண்டது. மின்னூட்டமற்ற மூலக்கூறு தடையின்றி அதை நெருங்குகிறது. இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுக்கிறது. ஐந்தாம் நிலையாக மாறுகிறது. ஐந்தாம் நிலை ஆன்டிமனியோ ஆறு ஹைட்ராக்சில் குழுக்கள் சூழ்ந்த எதிர்மின் அயனி. இப்போது பரப்பும் எதிர்மின், அயனியும் எதிர்மின். விளிம்புகளில் ஒரு பகுதி வேதிப்பிணைப்பால் ஒட்டிக்கொள்ளும். மீதி நீரோடு போகும். பக்கத்தில் கோயத்தைட் போன்ற இரும்பு ஆக்சைடு இருந்தால், அதன் பரப்பு நேர்மின்னூட்டம் கொண்டிருப்பதால், அயனியைப் பிடித்துக்கொள்ளும். இரும்பு குறைவான மண்ணானால், அல்லது சுண்ணாம்பும் காரமும் மிகுந்த மண்ணானால், அதைத் தடுப்பார் இல்லை. ஷிகுவாங்ஷானில் உருக்காலையின் காரக் கசடுகள் பெரும் தலைவலியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே மாங்கனீசு செய்வது முழு நன்மையும் அல்ல, முழுத் தீமையும் அல்ல. கொடிய நிலையைக் கொடுமை குறைந்த நிலையாக மாற்றுகிறது. அதே செயலால் நகராததை நகரக்கூடியதாகவும் மாற்றுகிறது. சுரங்கத்தடியில் இருப்பவருக்கு ஆபத்து குறையலாம். ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருப்பவருக்குக் கூடலாம். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்சில் ஹில்குரோவ் ஆன்டிமனிச் சுரங்கக் கழிவு மேட்டுநிலத்தில் உண்டானது. மெக்கிளே ஆறு அதைக் கடலோர வெள்ளச் சமவெளி வரை கொண்டுபோய்ப் படியவைத்திருக்கிறது. ஆன்டிமனி பயணம் செய்யும் தனிமம் என்பதற்கு அந்த ஆறு சாட்சி.

பர்னசைட் தன் வேலையைச் செய்யும்போது தானும் தேய்கிறது. எலக்ட்ரான் வாங்கிய மாங்கனீசு இரண்டாம் நிலை அயனியாகக் கரைகிறது. அதில் ஒரு பகுதி திரும்பிவந்து அதே பரப்பின் காலியிடங்களை அடைத்துக்கொள்கிறது. வினை மெல்ல மெல்லத் தளர்கிறது. ஆய்வகக் குடுவையில் கதை இத்துடன் முடிந்துவிடும். உயிருள்ள மண்ணில் முடிவதில்லை. அங்கே மாங்கனீசை மீண்டும் ஆக்சைடாக்கும் நுண்ணுயிர்கள் இருக்கின்றன.

சூடோமோனாஸ் புடிடா, லெப்டோத்ரிக்ஸ் டிஸ்கோஃபோரா, பேசில்லஸ் இனங்கள், பல பூஞ்சைகள் இந்த வேலையைச் செய்கின்றன. இவை இல்லாவிட்டால் நடுநிலை அமிலத்தன்மையில் கரைந்த மாங்கனீசு ஆக்சைடாக மாற நெடுங்காலம் பிடிக்கும். இவை அந்த வேகத்தைப் பல்லாயிரம் மடங்கு கூட்டுகின்றன. இயற்கையிலுள்ள மாங்கனீசு ஆக்சைடில் பெரும்பகுதி உயிர்களின் கைவேலை என்றே கருதப்படுகிறது. உயிரிகள் கட்டும் ஆக்சைடு மிகச் சிறு துகள்களாக, ஒழுங்கு குறைந்து, காலியிடங்கள் நிறைந்து இருக்கும். அதனாலேயே அதன் வினைத்திறன் அதிகம்.

மாங்கனீசை ஆக்சைடாக்கி அந்த ஆற்றலில் மட்டுமே ஓர் உயிர் வாழ முடியுமா என்பது நூறாண்டுகளாக விடை கிடைக்காத கேள்வியாக இருந்தது. கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தின் ஜாரெட் லெட்பெட்டர், மாங்கனீசு கார்பனேட் படிந்த கண்ணாடிக் குடுவையைக் குழாய்த் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு வெளியூர் போய், சில மாதங்கள் கழித்துத் திரும்பியபோது குடுவை கறுத்திருந்தது. கறுப்பு என்றால் மாங்கனீசு ஆக்சைடு. அந்தக் கறுப்புக்குக் காரணமான பாக்டீரியங்களைத் தேடி அவரும் சக ஆய்வாளர் ஹாங் யூவும் 2020இல் நேச்சர் இதழில் விடையை வெளியிட்டார்கள். மாங்கனீசை உண்டு வாழும் உயிர் உண்டு. மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். சாதாரணக் குழாய்த் தண்ணீரில் இருந்த ஓர் உயிரை 2020 வரை நாம் அறியாமல் இருந்தோம். மாசுபட்ட மண்ணில் அறியாதவை எத்தனையோ!

மாங்கனீசின் சுழற்சிக்கு ஓர் உவமை சொல்கிறேன். பூக்கடைக்காரர் ஒருவர் கையில் சிறு முதல்தான் இருக்கும். காலையில் அது பூவாகிறது, மாலையில் பணமாகிறது, மறுநாள் மீண்டும் பூவாகிறது. ஆண்டு முழுவதும் நடக்கும் வியாபாரத்தின் அளவு அந்த முதலைப்போல் பல மடங்கு. மண்ணில் மாங்கனீசு இப்படித்தான் சுழல்கிறது. ஆன்டிமனியிடம் எலக்ட்ரான் வாங்கிக் கரைகிறது, நுண்ணுயிர் அதை மீண்டும் ஆக்சைடாக்குகிறது, அடுத்த ஆன்டிமனியை மாற்றுகிறது. அளவில் குறைவு என்று மாங்கனீசை ஒதுக்கிய கணக்கு தவறிப்போவது இங்கேதான்.

மாங்கனீசின் உதவியில்லாமல் ஆன்டிமனியை நேரடியாக மாற்றும் நுண்ணுயிர்களும் உண்டு. 1974இல் சோவியத் ஆய்வாளர் லியாலிகோவா, மூன்றாம் நிலை ஆன்டிமனியை ஆக்சிஜனேற்றி வாழும் ஒரு பாக்டீரியத்தை விவரித்தார். பிற்காலத்தில் அக்ரோபாக்டீரியம் டியூமிஃபேசியன்ஸ் என்ற மண் பாக்டீரியத்தில் இந்த வேலைக்கான நொதிகளையே பிரித்தறிந்தார்கள். எதிர்த்திசையிலும் ஆட்கள் இருக்கிறார்கள். கலிபோர்னியாவின் மோனோ ஏரிச் சேற்றிலிருந்து 2014இல் பிரித்தெடுத்த ஒரு பாக்டீரியம், ஆக்சிஜனுக்குப் பதிலாக ஐந்தாம் நிலை ஆன்டிமனியைக் கொண்டே சுவாசித்து, அதை மூன்றாம் நிலையாக்கி, ஆன்டிமனி ஆக்சைடுப் படிகங்களாக வெளியே வைக்கிறது.

இனி தண்ணீர். மண்ணில் நீர் தேங்கினால் காற்று நுழைவது நின்றுபோகும். உள்ளிருக்கும் நுண்ணுயிர்கள் எஞ்சிய ஆக்சிஜனைத் தீர்த்துவிட்டு வேறு எலக்ட்ரான் ஏற்பிகளைத் தேடும். வரிசை பெரும்பாலும் மாறாது: முதலில் நைட்ரேட், அடுத்து மாங்கனீசு, பிறகு இரும்பு, அதற்கும் பிறகு சல்பேட். மாங்கனீசு ஆக்சைடைச் சுவாசிக்கும் பாக்டீரியத்தை 1988இல் மையர்ஸும் நீல்சனும் நியூயார்க் மாநிலத்தின் ஒனைடா ஏரியில் கண்டெடுத்தார்கள்; ஷெவனெல்லா ஒனைடென்சிஸ் என்று இன்று அறியப்படுவது அதுதான். இந்த வரிசையிலுள்ள கனிமங்களுள் மாங்கனீசு ஆக்சைடே முதலில் கரைகிறது. மாங்கனீசு ஆக்சைடு தீரும்வரை இரும்பு ஓரளவு காக்கப்படும். ஆன்டிமனியும் ஐந்தாம் நிலையில் நிற்க வாய்ப்பு அதிகம். மாங்கனீசு தீர்ந்தபின்தான் காட்சி மாறுகிறது.

இதைச் சுவிட்சர்லாந்தின் சுடுதள மண்ணில் நன்றாகப் பார்க்கலாம். அந்நாட்டில் ஊருக்கு ஊர் துப்பாக்கிப் பயிற்சித் தளங்கள் இருக்கின்றன. குண்டுகளில் ஈயத்தோடு சில விழுக்காடு ஆன்டிமனி கலந்திருக்கும். அவை மண்மேட்டில் புதைந்து துருவேறிக் கரைகின்றன. சூரிச் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுண்ணாம்பு மிகுந்த அத்தகைய மண்ணை நீரில் மூழ்கவைத்துப் பார்த்தார்கள். முதலில் நீரில் ஆன்டிமனி குறைந்தது: ஐந்தாம் நிலை மூன்றாம் நிலையாக மாறி இரும்பு ஆக்சைடில் இறுக ஒட்டிக்கொண்டது. நீர் நெடுநாள் தேங்கியபோது அந்த இரும்பு ஆக்சைடே கரையத் தொடங்கியது. ஒட்டியிருந்த ஆன்டிமனி, இப்போது கொடிய மூன்றாம் நிலையில், நீருக்கு வந்தது. முதல் வாரங்களில் மட்டும் அளந்தவர் மூழ்கடிப்பதே வைத்தியம் என்று எழுதியிருப்பார். கடைசியில் மட்டும் அளந்தவர் அதைப் பெருந்தீங்கு என்று எழுதியிருப்பார். எனவே ஒரு முறை மண் எடுத்து ஒரு முறை அளந்து தரும் அறிக்கையை நான் ஏற்பதில்லை.

ஆன்டிமனி நிரந்தரமாகச் சிறைப்படுவதும் உண்டு. ஐந்தாம் நிலை ஆன்டிமனியைச் சுற்றி ஆறு ஆக்சிஜன்கள் எண்முகி வடிவில் நிற்கின்றன. மாங்கனீசையும் இரும்பையும் சுற்றியும் அவற்றின் ஆக்சைடுகளில் அதே ஆறு, அதே எண்முகி. அயனிகளின் பருமனும் ஒத்துப்போகிறது. ஆர்சனிக்கோ நான்கு ஆக்சிஜன் சூழ்ந்த நான்முகி. ஆர்சனிக் கனிமத்தின் பரப்பில் ஒட்ட முடியும், படிகத்தின் உள்ளே எளிதில் இடம்பிடிக்க முடியாது. ஆன்டிமனியால் முடியும். ஆஸ்திரேலியாவின் சதர்ன் கிராஸ் பல்கலைக்கழகக் குழு 2021இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. ஐந்தாம் நிலை ஆன்டிமனி ஒட்டிய பர்னசைட்டோடு கரைந்த மாங்கனீசு வினைபுரிந்தபோது பர்னசைட் உருமாறி, மாங்கனைட், ஹாஸ்மனைட் போன்ற வேறு கனிமங்கள் உருவாயின. எந்தக் கனிமம் உருவாகும் என்பதை ஆன்டிமனியின் அளவே தீர்மானித்தது. உருவான கனிமத்தின் உள்ளே மாங்கனீசு அணு இருக்க வேண்டிய இடத்தில் ஆன்டிமனி உட்கார்ந்துகொண்டது. நீரில் அதன் அளவு குறைந்தது. பரப்பில் ஒட்டியதைப் பாஸ்பேட்டோ காரமோ பெயர்த்துவிடும். படிகத்துக்குள் போனதைப் பெயர்க்கப் படிகத்தையே கரைக்க வேண்டும். இரும்பின் பக்கம் இதைவிட உறுதியான சிறை டிரிபுயைட். இரும்பும் ஆன்டிமனியும் சேர்ந்த, மிகமிகக் குறைவாகவே கரையும் கனிமம். ஆன்டிமனி இறுதியில் சென்றடையும் இடம் இதுதான் என்று கருதுவோர் உண்டு.

இத்தனையும் அறிந்தபின் நடைமுறையில் நடப்பதைப் பார்த்தால் மனம் பதைக்கிறது. சுடுதள மண்ணில் ஈயத்தை முடக்கப் பாஸ்பேட் இடுகிறார்கள், சுண்ணாம்பு இடுகிறார்கள். ஈயம் அடங்குகிறது. ஆனால் பாஸ்பேட் ஆன்டிமனி ஒட்டியிருந்த இடங்களைப் பறித்துக்கொள்கிறது. சுண்ணாம்பு அமிலத்தன்மையைக் குறைத்து ஆன்டிமனி அயனியைப் பரப்பிலிருந்து தள்ளிவிடுகிறது. ஈயத்தை மட்டும் அளப்பவர் வெற்றி என்று கோப்பை மூடிவிடுவார். நார்வேயில் இத்தகைய மண்ணுக்கு இரும்பு சார்ந்த பொருள்களை இட்டு ஆன்டிமனிக் கசிவைக் குறைத்திருக்கிறார்கள். அதை நான் சரியான திசை என்று கருதுகிறேன். இருந்தாலும் இரும்பை மட்டும் நம்பும் சிகிச்சையில், நீர் தேங்கும் தாழ்நிலத்தில் மாங்கனீசின் கையிருப்பு எவ்வளவு, அது எத்தனை நாள் இரும்பைக் காக்கும் என்ற கேள்வியும் சேர வேண்டும். மண் பரிசோதனையில் எலக்ட்ரானை எளிதில் ஏற்றுக் கரையும் மாங்கனீசை அளப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியம் அல்ல. பழைய, எளிய முறைகளே போதும்.

கடைசியாக நெல். ஷிகுவாங்ஷான் போன்ற பகுதிகளில் ஆன்டிமனியும் ஆர்சனிக்கும் ஒரே மண்ணில் சேர்ந்தே கிடக்கின்றன. தனிம அட்டவணையில் ஒன்றின் கீழ் ஒன்று; ஆனால் நீரிடம் நடந்துகொள்வதில் எதிரெதிர். வயல் மூழ்கினால் ஆர்சனிக் மூன்றாம் நிலைக்கு மாறிக் கரைகிறது, பயிருக்குப் போகிறது. அதனால் வயலைக் காயவைத்துக் காயவைத்துப் பாய்ச்சுங்கள் என்று பல நாடுகளில் பரிந்துரைக்கிறார்கள்; ஆர்சனிக்கைப் பொறுத்தவரை அது நல்ல பரிந்துரை. ஆன்டிமனியோ, பல ஆய்வுகளில், மூழ்கிய காலத்தில் நீரில் குறைந்து, வயல் காயும்போது ஐந்தாம் நிலையாகி நீருக்குத் திரும்புகிறது. ஒன்றுக்கு மருந்தாகும் பாய்ச்சல் முறை மற்றதற்கு வழிவிடுகிறது. மாங்கனீசு ஆக்சைடை மண்ணில் சேர்த்தால் வயல் மண்ணின் நீரில் ஆர்சனிக் குறைகிறது என்பதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. அதே மாங்கனீசு அதே வயலில் ஆன்டிமனியை ஐந்தாம் நிலையில் நிறுத்தி நகரவிடுமா, அல்லது உருமாறும் தன் படிகத்துக்குள் இழுத்துக்கொள்ளுமா? இதற்கு விடை வேண்டுமானால் இரண்டு தனிமங்களையும் ஒரே தொட்டியில், நாற்று நட்ட நாளிலிருந்து அறுவடை வரை, ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் வடிகாலுக்கும் பிறகு, மாங்கனீசோடும் இரும்போடும் சேர்த்து அளக்க வேண்டும். மண்ணியலும் நுண்ணுயிரியலும் படிக்கும் இருவர் ஒரே மேசையில் உட்கார்ந்தால் ஒரு நெற்பருவத்தில் இந்தச் சோதனையைத் தொடங்கிவிடலாம். இந்த அரங்கிலிருந்து அப்படி இருவர் எழுந்துவருவார்கள் என்று நான் உறுதியாக எதிர்பார்க்கிறேன்.